ஆழியாறில் நிறுத்திய வண்டி

லோடு வண்டி ஓட்ட வந்திருக்கும் தங்கச்சிகளுக்கு இதை எழுதுகிறேன். போன வாரம் உங்களில் ஒருத்தி, இத்தனை வருடம் தனியாக வண்டி ஓட்டினீர்களே, பயமாக இருந்ததில்லையா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, சொன்னது பாதிப் பதில்தான் என்று தோன்றியது. ரோட்டுப் பயம் பழகிவிடும். பழகாதது வேறொன்று உண்டு. வண்டியை எடுப்பதா நிறுத்துவதா என்று முடிவு செய்ய வேண்டிய இடத்தில், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் நீங்கள் ஒண்டியாகத்தான் இருப்பீர்கள். மீதிப் பதில் அதுதான்.

என்னை அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் துளசிமணி. பீளமேட்டில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தேன். மில்லை மூடிவிட்டார்கள். கல்யாணம் எனக்கு அமையவில்லை. அண்ணன் வீட்டில் போய் ஒண்டிக்கொள்ளவும் மனம் வரவில்லை. ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த ஒரு பழைய பிக்கப்பை வாங்கிக்கொண்டு பொள்ளாச்சிக்குக் குடிவந்தேன். தேங்காய், கொப்பரை, வெல்லம், கல்யாணச் சாமான் என்று எது கிடைத்தாலும் ஏற்றினேன். பார்வை மங்கும்வரை அந்த ஒரே வண்டிதான்.

வண்டி வேலையை நானே செய்துகொள்வேன். பட்டறையில் பொம்பளையை மதிக்க மாட்டார்கள், அதனால்தான் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அதுவும் கொஞ்சம் உண்மைதான். "ஓனர் வரலீங்களா?" என்று கேட்டுவிட்டு, என் பின்னால் யாராவது ஆம்பளை நிற்கிறானா என்று எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் முழுக் காரணம் அது இல்லை. லோடு இல்லாத நாளில் வீடு சத்தமில்லாமல் கிடக்கும். சமைத்துச் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவினால் அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமிருக்காது. வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்தால் பொழுது போவது தெரியாது. தெருவில் போகிறவர்களுக்கு வெளியே நீட்டிய என் இரண்டு கால்கள் மட்டும் தெரியும். "ஏனுங், வண்டிக்கு என்னாச்சுங்?" என்று நின்று கேட்பார்கள். படுத்தபடியே பதில் சொல்வேன். சில நாள் நான் பேசிய பேச்சே அவ்வளவுதான்.

ஆயில் மாற்றவும் பிரேக் கட்டை போடவும் யாரும் கற்றுக்கொண்டுவிடலாம். முன்சக்கரத்தை நேர் பிடிப்பது அப்படி இல்லை. அலைன்மெண்ட் என்றால் ஏதோ பெரிய வித்தை என்று நினைக்க வேண்டாம். இரண்டு முன்சக்கரமும் ஒரே திசையைப் பார்க்கிறதா, ஒன்று வீட்டையும் ஒன்று வாசலையும் பார்க்கிறதா என்பதுதான் கேள்வி. பார்வை மாறினால் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேயும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். நான் டயரைச் சுற்றவிட்டு சாக்பீஸால் கோடு போட்டு, முன்பக்கமும் பின்பக்கமும் டேப் பிடித்து அளப்பேன். முதல் தடவை செய்தபோது அளவெல்லாம் பொருந்தியது. ஆனால் சக்கரத்தை ஸ்டேரிங்கோடு இணைக்கும் இரண்டு ராடில் ஒரு பக்கத்து ராடை மட்டுமே திருகியிருந்தேன். மறுநாள் நூல் கோன் ஏற்றிக்கொண்டு காந்திபுரம் போகிறேன், வண்டி நேராகப் போகிறது, ஸ்டேரிங் மட்டும் கோணலாகச் சாய்ந்திருக்கிறது. டவுன் பஸ்களுக்கு நடுவில் எது நேர், எது வளைவு என்று கைக்குத் தெரியவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு லோடை இறக்கிவிட்டு, நேரே பீளமேட்டில் ஓர் அலைன்மெண்ட் கடைக்குப் போனேன்.

அங்கிருந்த பையனுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் மிஷின் பக்கமே போகவில்லை. ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கி, இரண்டு கையாலும் பிடித்து, மேலும் கீழுமாக ஆட்டினான்.

"மொதல்ல ஆட்டிப் பாக்கோணுங்க்கா. ஆட்டம் இருக்கற வண்டிக்கு அலைன்மெண்ட் பண்றது, கால் லொடலொடங்கற கட்டலுக்கு மெத்தை விரிக்கற மாதிரிங்க."

அன்றிலிருந்து டேப்பை எடுப்பதற்கு முன்னால் சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பது என் வழக்கமானது.

இனி மரகதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணம், நிச்சயம், சீர் என்று சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவள். என்னைவிட சில வயது சின்னவள். அவளுடைய சாமான் எல்லாம் என் வண்டியில்தான் போகும். ஆட்களைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு அவள் என் பக்கத்தில் ஏறிக்கொள்வாள். போகும்போது எதுவும் பேச மாட்டாள். உப்பு எடுத்தோமா, இலை போதுமா என்று மனதுக்குள்ளேயே கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். திரும்பி வரும்போது வாய் மூடாது. பெண் வீட்டுச் சண்டை, மாப்பிள்ளையின் நடை, பாயசத்தில் குறை கண்டுபிடித்த சித்தப்பா என எல்லாம் வரும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். அவளை வீட்டில் இறக்கிவிட்டு வந்த பிறகும் கேபினுக்குள் தாளித்த வாசம் கொஞ்ச நேரம் இருக்கும். எனக்கு இருந்த சிநேகிதம் அது ஒன்றுதான். அவளுக்கு வீடு நிறைய மனிதர்கள் இருந்தார்கள். எனக்கு அவள் மட்டும்தான் என்பது அவளுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.

அந்த வருடம் மழை முடிந்த சமயத்தில் இடதுபக்க முன்டயர் உள்ஓரமாகத் தேய ஆரம்பித்தது. அளந்து சரிசெய்தேன். கொஞ்ச நாளில் மறுபடியும் கலைந்தது. சேலத்து ரோட்டில் ஒரு பெரிய குழியில் இறங்கியது நினைவிருந்ததால் அதன் மேல் பழியைப் போட்டு மறுபடியும் சரிசெய்தேன். அதுவும் நிற்கவில்லை. சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். சக்கரத்தையும் ஸ்டேரிங்கையும் இணைக்கும் ராடின் முனையில் லேசான ஆட்டம் இருந்தது. கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாக அதை மாற்றிப் புதிது போட்டு, மூன்றாம் தடவையாக நேர் பிடித்தேன். வண்டி கோடு போட்டதுபோல ஓடியது.

தங்கச்சிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அலைன்மெண்ட் ஒரு தடவை கலைந்தால் ரோட்டைக் குற்றம் சொல்லலாம். திரும்பத் திரும்பக் கலைந்தால் வண்டி உங்களிடம் எதையோ சொல்கிறது என்று அர்த்தம். ஒரு பழுதைக் கண்டுபிடித்ததும் மனம் தேடுவதை நிறுத்திவிடும். அங்கே இரண்டு பழுது இருக்கலாம் என்று நினைக்கவே நினைக்காது.

அதற்கு அடுத்த வாரம் வால்பாறையில் ஒரு நிச்சயம். மதியச் சாப்பாடு மரகதத்தின் பொறுப்பு. சமையல் ஆட்கள் அடுப்போடு முந்தின நாளே மேலே போய்விட்டார்கள். அரிசி, நறுக்கிய காய், பால், தயிர், இலை எல்லாம் காலையில் என் வண்டியில். ரோட்டில் பனி விலகியிருந்தது. மரகதம் வழக்கம்போல் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள்.

அங்கலக்குறிச்சி தாண்டி ஒரு வளைவு. எந்த வண்டியிலும் வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டேரிங் தானாக நேருக்குத் திரும்பி வரும். அன்றைக்கு வரவில்லை. ஒரு நொடி அங்கேயே நின்றது. பிறகு வந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கியபோது 'டொக்' என்று ஒன்று, காதில் கேட்கவில்லை, உள்ளங்காலில் தெரிந்தது. இரண்டும் சின்ன விஷயம். நாலு ஆள் பேசிக்கொண்டு போகும் வண்டியில் தெரியவே தெரியாது.

ஆழியாறு அணை வந்தது. அதற்கு மேல் மலை. ஏறிவிட்டால் கொண்டை ஊசி வளைவுகள், ஒதுங்க இடமிருக்காது. சாலையோரம் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன்.

"என்னக்கா?" என்றாள்.

ஸ்டேரிங் சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். ஜாக்கியை எடுத்து வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் முட்டுக்கொடுத்து இடதுசக்கரத்தைத் தூக்கினேன். மேலும் கீழும் ஆட்டினேன். ஆட்டமே இல்லை. பக்கவாட்டில் ஆட்டினேன், இல்லை. நான் மாற்றிய ராடு முனையைத் தடவிப் பார்த்தேன். நட்டும் பின்னும் போட்டபடியே இருந்தன. வலதுசக்கரத்தையும் தூக்கிப் பார்த்தேன். அதுவும் கல்லுப்போல் நின்றது. மரகதம் இறங்கி வந்து தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். மேலேயிருந்து சமையல்காரர் போன் பண்ணிக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணுமில்லீல்லக்கா?"

எனக்கு ஒன்றும் தென்படவில்லை என்றேன்.

"அப்பறம் என்ன, ஏறு போலாம்."

நான் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் என் மனதுக்குள் என்ன ஓடியது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன், உங்களுக்கும் அது ஓடும். மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது. ஏறுவது எப்படியும் முதல் கியரில்தானே. இறங்கும்போது லோடு இருக்காது, அப்போது பார்த்துக்கொள்ளலாம். நேற்றுவரை ஓடிய வண்டி இன்றைக்கு மட்டும் ஏன் ஓடாது. ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் எதுவும் வண்டியைப் பற்றிய நியாயமாக இல்லை, எல்லாம் மேலே காத்திருக்கும் பந்தியைப் பற்றிய நியாயமாக இருந்தது. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தபோது எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. 

"நா ஏத்த மாட்டேன் கண்ணு. வேற வண்டி பாத்துக்கலாம்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "ஒண்ணுமில்லீன்னு இப்பத்தான சொன்னே?"

"என் கைக்குத் தெரியலீன்னு சொன்னேன். வண்டிக்கு ஒண்ணுமில்லீன்னு சொல்லலீல்ல."

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கெஞ்சினாள். மாப்பிள்ளை வீட்டார் பெரிய இடம், இந்த ஒரு காரியம் நல்லபடியாக நடந்தால் அந்தக் குடும்பத்துக் கல்யாணம் எல்லாம் கைக்கு வரும் என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்குப் பயமாக இருந்தால் நான் இறங்கி வளைவுக்கு வளைவு முன்னால் நடந்து வருகிறேன் என்றாள். நான் சாவியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். அதைப் பார்த்ததும் அவள் ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றாள்.

எஸ்டேட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஜீப்பை நிறுத்திக் கேட்டோம். பாதிச் சாமான்தான் அதில் ஏறியது. பாலையும் காயையும் ஏற்றிக்கொண்டு அவள் போனாள். மீதிக்குப் பொள்ளாச்சியிலிருந்து ஒரு டெம்போ வந்துசேர வெகுநேரமானது. ஜீப் கிளம்பும்போது அவள் என் பக்கம் பார்க்கவில்லை. பார்ப்பாள் என்று நானும் கொஞ்ச தூரம் நடந்துபோய் நின்றிருந்தேன்.

டெம்போவும் போன பிறகு மரத்தடியில் நானும் காலி வண்டியும்தான். சும்மா நிற்க முடியாமல் மறுபடியும் ஜாக்கியை வைத்தேன். முன்பு வைத்த இடத்தில் மண் இளகி ஜாக்கி புதைந்தது. அதனால் ஒரு கல்லைப் போட்டு, சேஸிஸுக்குப் பதிலாகச் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கீழ்க்கையின் அடியில் முட்டுக்கொடுத்தேன். விவரம் தெரிந்து செய்ததல்ல, கை எட்டிய இடம் அது. தூக்கிவிட்டுச் சக்கரத்தைத் தொட்டேன். விழப்போகும் பல்லைப்போல் ஆடியது. கீழ் பால் ஜாயிண்ட். அந்தச் சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் குமிழ். அது கழன்றால் சக்கரம் வண்டிக்கடியில் மடங்கிப் படுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ஸ்டேரிங்கில் யார் கை இருந்தாலும் ஒன்றுதான்.

சக்கரத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். அடுத்த நொடி, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷம் வந்தது. நான் நினைத்தது சரி. யாரிடமாவது காட்ட வேண்டும் என்று சுற்றிலும் பார்த்தேன். எருமைகளை ஓட்டிக்கொண்டு ஒருவர் வந்தார்.

"பஞ்சருங்களா?" என்றார்.

"இல்லீங்க, பால் ஜாயிண்டு போயிருச்சுங்க. பாருங்க, எப்புடி ஆடுதுன்னு."

அவர் பார்த்தார். "அப்படீங்களா, சரிங்க," என்று எருமைகளின் பின்னால் போய்விட்டார். மரகதத்துக்குப் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. பந்தி நேரத்தில் எப்படி எடுப்பாள்.

பொள்ளாச்சியிலிருந்து மெக்கானிக் வந்து புது ஜாயிண்ட் போட்டுக்கொடுத்தார். பழையதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, இது அடுத்த வளைவிலேயே கழன்றிருக்கும், இல்லையென்றால் இன்னும் ஒரு மாதம் ஓடியிருக்கும், யாராலும் சொல்ல முடியாது என்றார். பிறகு ஒரு நாள் பீளமேட்டுப் பையனிடம் போய், ஆட்டியும் ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். சேஸிஸில் தூக்கினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கீழ்க்கையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் ஒளிந்துகொள்ளும், இந்த மாதிரி வண்டிக்குக் கீழ்க்கையில் முட்டுக்கொடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றான். முன்னால் ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாமா என நினைத்தேன். அன்றைக்கு அவன் ஜாக்கி வைத்த இடத்தைப் பார்க்காமல் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது நான்தான். ஜாக்கியை எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள், தங்கச்சிகளே.

பழைய ஜாயிண்ட்டை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு மரகதம் வீட்டுக்குப் போனேன். ஆட்களோடு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வாங்க என்றாள். அதுவரை என்னை 'வாக்கா' என்றுதான் சொல்லியிருக்கிறாள். துணியைப் பிரித்துக் காட்டி, எப்படி ஆடுகிறது பார் என்றேன். அவள் அதைக் கையில் வாங்கவில்லை.

வால்பாறையில் பந்தி வெகுநேரம் தள்ளிப்போயிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஓட்டலுக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள். பெண்ணின் அப்பா எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். என்ன வார்த்தை என்று அவள் சொல்லவில்லை. கை கட்டி நின்றேன் என்று மட்டும் சொன்னாள்.

"நீங்க செஞ்சது சரியாத்தானுங்க இருக்கும். எனக்கும் புரியுது. ஆனா அங்க நின்னது நானுங்க. இனி உங்க வண்டியில ஏறுனா எனக்கு அதுதான் நெனப்பு வரும்."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் நிறுத்தியதும் தப்பில்லை. இரண்டு சரி நேருக்கு நேர் நின்றால் யாராவது ஒருத்தர் எழுந்து போகத்தான் வேண்டும். காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். குடித்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு பல வருடம் ஓட்டினேன். லோடு குறையவில்லை. அந்தப் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. தண்ணீர் கேனையும் ஸ்பேனர் பையையும் அங்கே வைத்துக்கொண்டேன். இரண்டொரு தடவை சந்தையில் எதிரெதிரே பார்த்தபோது நலம் விசாரித்துக்கொண்டோம். உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: வண்டியைச் சரியான இடத்தில் நிறுத்தினால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காததற்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். பந்தி தாமதமானது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். மலைச்சரிவில் ஒரு வண்டி உருளாமல் இருந்தது யார் கண்ணுக்கும் தெரியாது. அதைத் தாங்கிக்கொள்ள முடியும் என்றால் இந்தத் தொழிலுக்கு வாருங்கள். நான் தாங்கிக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். பல ராத்திரிகளில், ஏறியிருந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காதோ என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

பார்வை மங்கியதும் வண்டியை விற்றுவிட்டேன். போன தை மாதம் ஒரு காலை வேளையில் போன் வந்தது. மரகதம். குசலம் விசாரிக்கவில்லை. ஒரு கல்யாணத்துக்கு வாடகை வேன் வந்திருக்கிறது, பாதிச் சாமான் ஏற்றியாகிவிட்டது, சந்தில் திருப்பும்போது முன்பக்கம் ஏதோ சத்தம் கேட்டது என்றாள். டிரைவர் எப்போதும் இருக்கிற சத்தம்தான் என்கிறாராம்.

எந்தப் பக்கம் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். ஸ்டேரிங்கை முழுக்க ஒரு பக்கமாக ஒடித்துவிட்டுக் கையை விடச் சொல்லி, வண்டியை மெல்ல நகர்த்தச் சொன்னேன். போனைக் காதில் வைத்தபடியே அவரிடம் சொன்னாள். அவர் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. பிறகு இஞ்சின் சத்தம்.

"கை விட்டும் திரும்பி வரலீங்க. அப்படியே நிக்குது," என்றாள்.

ஸ்டேரிங் திரும்பி வராததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். டயரில் காற்றுக் குறைந்தால்கூட அப்படி ஆகும். வண்டியை நான் பார்க்கவில்லை, தொடவில்லை. பார்த்திருந்தாலும் என் கண்ணுக்கு இப்போது சரியாகத் தெரியாது.

"எங்க கல்யாணம்?" என்றேன்.

"வால்பாறைங்க."

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நீங்களே சொல்லுங்க. ஏத்தலாமா, வேண்டாமா?"

"ஏத்தாதே கண்ணு," என்றேன்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. போனை வைக்கவும் மறந்துவிட்டாள். யாரோ நேரமாகிறது என்று சத்தம் போட்டார்கள், டிரைவர் எதிர்த்துப் பேசினார். அவள் குரல் அதற்கெல்லாம் மேலே கேட்டது.

"எல்லாத்தையும் எறக்குங்க. வேற வண்டி வரட்டும்."

அந்த வேனில் என்ன பழுது, பழுது இருந்ததா இல்லையா, பந்தி நேரத்துக்கு நடந்ததா, எதுவும் எனக்குத் தெரியாது. அவள் பிறகு கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்குப் போன் அணையும்வரை காதிலேயே வைத்திருந்தேன். அண்டாவும் குண்டாவும் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.